உடன்போக்கும் முன்னேற்பாடும்: பாலைத்திணை வழி ஒரு நோக்கு

தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமல் ஊர்விட்டு நீங்குவது உடன்போக்கு. தொல்காப்பியம் இதனைக் கொண்டுதலைக்கழிதல் எனச் சுட்டுகிறது. இது நிகழும் பாலை தனிநிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் வளங்குன்றிய நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. நீரற்று, ஆறலைகள்வர் திரியும் அவ்வழியைத் தலைவி ஏற்பதற்கு இற்செறிப்பும் நொதுமலர் வரைவும் காரணங்களாகின்றன.

இச்செலவு முன்னேற்பாடு உடையது. தலைவனிடம் பேசுவதும், தலைவியை உடன்படுத்துவதும், புறப்படும் வேளையைக் குறிப்பதும் தோழியின் பணிகள். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப்பகுதியின் இறுதி முப்பது பாடல்கள் தாயின் இரக்கம், இடைச்சுரத்து உரை, மறுதரவு என இதன் பின்விளைவுகளை வகுக்கின்றன. கலித்தொகை 9ஆம் பாடலில், தேடிவரும் தாயிடம் முக்கோற்பகவர் இச்செலவு அறவழியே என எடுத்துரைத்துத் தேற்றுகின்றனர்.

நற்றிணை 362ஆம் பாடல் இம்முன்னேற்பாட்டின் நுட்பத்தைக் காட்டுகிறது. பகைவர் வரின் பொருவதாகவும், தலைவியின் சுற்றத்தார் வரின் மறைந்துகொள்வதாகவும் தலைவன் கூறுகிறான். உறவினரோடு குருதி சிந்தாமையே அவன் கருத்து.

திட்டக்குடிக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் வட்டாரத்துப் புதுக்கூரைப்பேட்டையில், பதிவுத்திருமணம் செய்த சாதிகடந்த இணையர் 2003இல் உறவினரால் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் 2021இல் 13 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. எனவே, உடன்போக்கை இலக்கிய அழகாக மட்டும் கற்பித்தல் போதாது. முக்கோற்பகவர் உரைத்த அறத்தையும் உடன் கற்பித்தல் வேண்டும்.