இணை பொருந்தாக் கார்புரேட்டர்கள்

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.பி. மோட்டார் வண்டியில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்டிருந்தன. முன்னது 1, 2-ஆம் சிலிண்டர்களுக்கும், பின்னது 3, 4-ஆம் சிலிண்டர்களுக்கும் கலவை அளிக்கிறது.

வண்டி நிற்கையில் சீராக ஓடும் எஞ்சின், வேகம் கூடியதும் தடுமாறுமாயின், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். முன்சோடி கரியேறியும் பின்சோடி வெளுத்தும் காணப்பட்டால் ஐயத்திற்குரியவை கார்புரேட்டர்களே. (மாணவர்க்குக் காட்டத்தக்க எளிய சான்று இது.) வெளுத்த பக்கத்தில் பெட்ரோல் குறைவு, அந்நிலை நீடிப்பின் வால்வுகள் தீய்ந்துபோகும்.

இந்நிலையில் உடனே திருகுகளை முறுக்குவது பலரது வழக்கம். அதனால் பழுது மறையுமேயன்றி நீங்காது. எஸ்.யூ. அமைப்பில் பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று இணையாகப் பொருத்தப்பட்டவை. துப்புரவு செய்கையில் இவை இடம் மாறிவிடுவதுண்டு. எனவே முதலில் இரண்டையும் திறந்து, ஊசித் தண்டின் குறியையும் ஸ்பிரிங்கின் நிறத்தையும் ஒப்பிடுக. சிவப்பு 4½ அவுன்சு, நீலம் 2½ அவுன்சு. நிறம் வேறாயின், ஒரே அளவு காற்றுக்குப் பிஸ்டன்கள் வெவ்வேறு உயரம் எழும், ஊசிகளும் அவ்வாறே. எண்ணெய்த் தண்டை எடுத்துவிட்டு உயர்த்தி விடப்பட்ட பிஸ்டன், ‘டக்’ என்னும் ஒலியுடன் விழுதல் வேண்டும்.

இவை ஒத்தபின், இரண்டையும் இணைக்கும் தண்டினைத் தளர்த்திக் காற்றளவைச் சமன் செய்க. கருவி இல்லையேல், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று வாயிலும் வைத்து, இரைச்சல் இரண்டிலும் ஒத்திருக்கிறதா எனக் கேட்டாலே போதும். கலவைத் திருகினைத் தொடுவது இதன் பின்னரே.