அட்டைக்கடியும் புற்றுநோயின் படங்கும்

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்குள் கொழுந்து எடுத்தவர்களைக் கேளுங்கள். அட்டை வயிறு நிறைந்து விழுந்த பிறகும் காலில் இரத்தம் நிற்காது. அதன் உமிழ்நீர் நம் இரத்தம் உறையும் ஏற்பாட்டையே முடக்கிவிடுகிறது. அந்த ஏற்பாட்டில் முதலில் ஓடிவருபவை குருதிச் சிறுதட்டுகள். டெங்கு வந்தால் வீடே கவலையோடு எண்ணுமே ‘பிளேட்லட்’, அவைதான்! ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். கரு கிடையாது, ஆயுளும் பத்து நாள்தான்.

இந்தக் குட்டிகளுக்குத் திரைமறைவில் இன்னொரு வேலையும் இருக்கிறது, வாருங்கள் பார்ப்போம்! புற்றுக்கட்டியிலிருந்து ஒரு கலம் கழன்று இரத்தத்தில் விழுகிறது. ஓட்டத்தின் வேகமே அதைச் சிதைக்கும். உடலின் காவலர்களான இயற்கைக் கொல்லிக் கலங்களும் தேடித் திரியும். பெரும்பாலானவை செத்தே போகும். பிழைப்பது என்ன செய்கிறது தெரியுமா? சிறுதட்டுகளைத் தூண்டி, கொழுந்துக்காரப் பெண்கள் படங்குத் துணி கட்டுவதுபோல உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது! ‘நம் ஆள்’ என்று காட்டும் புரதங்கள்கூடச் சிறுதட்டுகளிலிருந்து அதன்மேல் ஏறிவிடும். கொல்ல வந்த கலம் ஏமாந்து போகும்.

அதோடு விட்டதா? சிறுதட்டுகள் கக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் புற்றுக்கலத்தின் குணத்தையே மாற்றுகிறது. கூட்டத்தோடு ஒட்டிக்கிடந்தது, ஊர்ந்து ஊடுருவக் கற்றுக்கொள்கிறது. லபெல், பேகம், ஹைன்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011இல் இதைக் காட்டினார்கள்.

எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி தருவது அதற்கும் முந்திய கதை. 1968இல் ஆய்வாளர் கேப்ரியல் காசிக் குழுவினர் எலிகளின் சிறுதட்டுகளைக் குறைத்தார்கள். புற்றுநோய் பரவுவதும் குறைந்தது. பிறகு அதே காசிக் கைவைத்தது எதில்? அட்டையில்! மெக்சிக்கோ அட்டையொன்றின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்த அன்டிஸ்டாசின், இரத்தம் உறைவதையும் எலிகளில் புற்று பரவுவதையும் தடுத்ததென்று 1987இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். நாம் சவர்க்காரம் பூசி விரட்டும் பிராணியின் உறவுக்காரர்!

இதை வாசித்துவிட்டு யாரும் அஸ்பிரின் வாங்கி விழுங்க வேண்டாம். அதுவும் சிறுதட்டுகளை அடக்கும்தான். வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம், டெங்கு நேரத்தில் பேராபத்து. நாம் செய்யக்கூடியது, புற்று பரவுமுன் கண்டுபிடிப்பதுதான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் அம்மா அப்பாவின் வாயை இன்றைக்கே பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால், புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், அது பரவுமுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.