பாதைகளை இணைப்போம்

கிராம அபிவிருத்தி என்றதும் பள்ளிக்கூடம், குடிநீர், மருத்துவமனை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றிற்குச் செல்லும் வழியைப் பற்றி நாம் எண்ணுவது குறைவு. மழைக்காலத்தில் ஓர் ஓடை குறுக்கிட்டால் பள்ளி இருந்தும் பிள்ளைகளுக்குப் பாடமில்லை. மருத்துவர் இருந்தும் நோயாளிக்குச் சிகிச்சையில்லை. ஆகவே, நடந்தும் சைக்கிளிலும் செல்வதற்கான பாதைகளைத் திட்டமிட்டு அமைப்பது பஞ்சாயத்தின் முக்கிய கடமையாகும்.

சமவெளியும் மலையும்

2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இருவகை நிலங்கள் உண்டு. கிழக்கே கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இம்மலை 1976ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலைகள் இங்கே காலம் தாழ்ந்தே வந்தன. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து கரியாலூர், வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை இருப்பினும், அதிலிருந்து விலகியுள்ள குடியிருப்புகளுக்குக் கால்நடைப் பயணம் இன்னும் தவிர்க்க முடியாததாகும்.

சமவெளியில் சைக்கிள் பேருதவி செய்யும். ஒருவர் மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர் நடப்பார்; சைக்கிளில் 12 கிலோமீட்டர் செல்வார். அரைமணி நேரத்தில் நடப்பவர் 2 கிலோமீட்டர் தூரத்தையும், சைக்கிளில் செல்பவர் 6 கிலோமீட்டர் தூரத்தையும் எட்டுகின்றனர். தூரம் மூன்று மடங்கானால், எட்டக்கூடிய பரப்பு ஒன்பது மடங்காகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று, பிறர் துணையின்றி வெளியூர் சென்று வந்ததை நாடறியும். நம் அரசும் 2001-02 முதல் பள்ளி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் மாணவருக்கும் அதனை விரிவாக்கியது. சைக்கிள் கிடைத்துவிட்டது, அஞ்சாமல் செல்ல வழி வேண்டாமா?

முதலில் நடந்து பார்த்தல்

திட்டம் தீட்டுமுன் பஞ்சாயத்து உறுப்பினர்கள் எல்லாப் பாதைகளையும் நடந்து பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், தண்ணீரும் விறகும் சுமக்கும் பெண்கள், பால் கொண்டு செல்வோர் ஆகியோரை உடன் அழைத்துச் செல்வது நலம்; வழியின் இடர் அவர்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் ஒருமுறையேனும் பார்வையிடுதல் அவசியம். பள்ளி, நியாயவிலைக் கடை, சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம், சந்தை ஆகியவற்றைக் கிராம வரைபடத்தில் குறித்து, அவற்றிற்குச் செல்லும் வழிகளையும் வழி அறுபடும் இடங்களையும் குறிக்க வேண்டும். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடங்களைத் தனியே குறித்தல் வேண்டும்.

இனி, எதை முதலில் எடுப்பது? 4 கிலோமீட்டர் பாதையில் முப்பதடி ஓடை ஒன்றே தடையாயின், பாதை முழுவதையும் செப்பனிடுவதற்கு முன் அவ்வோடைக்கு ஒரு நடைபாலம் அமைப்பதே அறிவுடைமை. அறுபட்ட கண்ணியைச் சேர்த்தால் சங்கிலி முழுவதும் பயன் தரும்.

நிலமும் உரிமையும்

பழைய வண்டிப் பாதைகள் பல வரப்போடு வரப்பாக மறைந்துவிட்டன. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டையும் புலப்படங்களையும் பார்த்துப் பாதைப் புறம்போக்குகளை அறிந்து, அளந்து, எல்லைக்கல் நடவேண்டும். பட்டா நிலத்தின் வழியே பாதை செல்லுமாயின், உரிமையாளரின் இசைவை எழுத்து மூலம் பெறுதல் பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

மலையில் வனநிலம் குறுக்கிடும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. கிராம சபை பரிந்துரைத்தால், சாலை போன்ற பொதுப் பணி ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்த அனுமதி பெறலாம். வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மேற்படலாகாது. கிராம சபைத் தீர்மானத்திற்கு எத்துணை வலிமை உண்டு என்பதை இதனால் அறியலாம்.

அமைக்கும் முறை

எதிரெதிரே வரும் இரு சைக்கிள்கள் விலகிச் செல்லப் பாதை 2 மீட்டர் அகலமேனும் இருத்தல் வேண்டும். ஏற்றம் 30 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேற்படாதிருந்தால் பிள்ளைகளும் களைப்பின்றி மிதிக்கலாம். மலைச்சரிவில் இது இயலாது. அங்கே நடைபாதையே ஏற்றது. அதனை நேர்க்குத்தாக ஏற்றாமல் சரிவைச் சுற்றி வளைத்து ஏற்றுக. மிகச் செங்குத்தான இடத்தில் கற்படிகள் அமைக்கலாம். பாதையின் பெரும் பகை மழைநீர். மேட்டுப் பக்கத்தில் வடிகால் வெட்டி, இடையிடையே குறுக்காகக் கல்வரிசை பதித்து நீரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் மண் அரிப்பு குறையும். ஆண்டுதோறும் மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருதல் வேண்டும்.

நடைபாதை மோட்டார் சாலைக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது. நோயாளியைத் துணித் தூளியில் சுமந்து வரும் நிலை இருக்குமிடத்தில் ஆம்புலன்ஸ் செல்லும் சாலையே தேவை; அதனைக் கோரும் கடமையும் பஞ்சாயத்தினுடையதே. ஆயினும், பெருஞ்சாலை வரும்வரை பிள்ளைகள் ஓடைக்கரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராமச் சாலைகளையும் பாலங்களையும் பேணும் பொறுப்பைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துள்ளது. அடுத்த கிராம சபையில் பாதை வரைபடத்தை மக்கள் முன் விரித்து, முதலில் சேர்க்க வேண்டிய கண்ணி எதுவென்று கேட்டுத் தீர்மானம் இயற்றுவோமாக. அண்டைப் பஞ்சாயத்தையும் கலந்துகொள்வோமாக. நம் எல்லையில் பாதை முடிந்தாலும் மக்களின் பயணம் முடிவதில்லை.