ஃபராக்கா: இரு நாடுகள் அளக்கும் ஒரு நதி

எங்கள் மதரஸாவின் மாடிக் கட்டட வேலைக்கு வந்திருந்த கொத்தனார்களுள் ஒருவர் மேற்கு வங்காளத்தின் மால்டா மாவட்டத்துக்காரர். அஸ்ருத் தொழுகை முடிந்து ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருந்தவரிடம், "உங்கள் ஊர் எது?" என்று உர்தூவில் வினவினேன். "ஊர் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது, ஹஸ்ரத்" என்றார். பாட்டனார் வைத்த மாந்தோப்பையும், தந்தையார் கட்டிய வீட்டையும், தாம் எழுப்பிய குடிசையையும் கங்கை ஒன்றன்பின் ஒன்றாகக் கரைத்துக் கொண்டதாம். "எல்லாம் ஃபராக்கா வந்த பிறகுதான்" என்று சொல்லிவிட்டுக் கரணையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு வியப்பாயிருந்தது. ஃபராக்கா என்றால் பங்களாதேஷ் மக்களின் முறையீடு என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அணைக்கு மேலே, இந்திய மண்ணிலும் அதற்கு வழக்காளிகள் இருக்கிறார்கள்.

கங்கையிலிருந்து பிரிந்து கல்கத்தாவை நோக்கித் தெற்கே செல்லும் கிளையே பாகீரதி; கீழே அதற்கு ஹூக்ளி என்று பெயர். காலப்போக்கில் பெருவெள்ளம் கிழக்கே பத்மாவில் திரும்பிவிட, ஹூக்ளியில் வண்டல் மண்டி, கல்கத்தாத் துறைமுகத்திற்குக் கப்பல் வருவதே அரிதாயிற்று. கங்கையை மறித்து நீரைத் திருப்பினால் வண்டல் கழுவப்படும் என்னும் யோசனையை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கூறியவர், கொள்ளிடத்தில் மேலணை கட்டியதால் நமக்கு அறிமுகமான சர் ஆர்தர் காட்டன். சுதந்திர இந்தியா அதனை 1961இல் செயற்படுத்தத் தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 109 மதகுகள், விநாடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குக் கொண்டு செல்ல 38 கிலோமீட்டர் கால்வாய். இது நீரைத் தேக்கி வைக்கும் அணையன்று, திருப்பிவிடும் கதவணை. பங்களாதேஷ் எல்லை இருபது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது.

மழைக்காலத்தில் இரு நாடுகளுக்குமே நீர் மிகுதி, வெள்ளத்தில் வழக்கில்லை. வழக்கெல்லாம் ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாத வறட்சியைப் பற்றியதே.

இத்திட்டத்திற்கு 1951இலேயே பாகிஸ்தான் ஆட்சேபம் தெரிவித்தது. பங்களாதேஷ் தோன்றிய பின், 1975 ஏப்ரல் 21 முதல் மே 31 வரை, நாற்பத்தொரு நாட்களுக்கு மட்டும் கால்வாயைச் சோதனையாகத் திறக்க இரு அரசுகளும் இசைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஷேக் முஜீபுர் ரஹ்மான் படுகொலை செய்யப்பட்டார். 1976 வறட்சியில் எந்த உடன்பாடும் இல்லாமலேயே இந்தியா நீரை எடுத்தது. தென்மேற்கு மாவட்டங்களுக்கு நன்னீர் தரும் கோராய் ஆறு மெலிய, கடலுவர் குல்னா வரை ஏறிற்று. தேவ்பந்தில் ஓதியவரும், தொண்ணூறு வயதைக் கடந்தவருமான மௌலானா அப்துல் ஹமீத் கான் பாஷானி, அவ்வாண்டு மே 16இல் ராஜ்ஷாஹி மதரஸா மைதானத்திலிருந்து பெருந்திரளான மக்களுடன் ஃபராக்காவை நோக்கி நடந்தார். எல்லைக்கு இப்பாலேயே ஊர்வலம் நின்றது. மதகு ஒன்றும் அதனால் திறந்துவிடவில்லை. ஆயினும் வழக்கு அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் சபை வரை சென்றது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சபை திருப்பி அனுப்பியது.

பேசினார்கள். 1977 நவம்பர் 5இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. நீர் மிகக் குறையும் ஏப்ரல் கடைசிப் பத்து நாட்களில் பங்களாதேஷுக்கு 34,500 கன அடி, இந்தியாவுக்கு 20,500 என்பது கணக்கு. அதனினும் முக்கியமானது ஓர் உறுதிமொழி: வரத்து எவ்வளவு வீழ்ந்தாலும் பங்களாதேஷின் பங்கு அட்டவணையில் கண்டதில் 80 விழுக்காட்டுக்குக் குறையாது. நான் மாணவர்களுக்குப் பாகப்பிரிவினைச் சட்டம் நடத்துகிறவன். இருப்பதைப் பிரிப்பது எளிது. பங்குகளின் கூட்டுத்தொகைக்குச் சொத்துப் போதாதபோது அந்தக் குறையை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்பதில்தான் கணக்கு மாணவனைத் திணறடிக்கும். 1977ஆம் ஆண்டு ஒப்பந்தம் அக்கணக்கைப் போட்டுப் பார்த்தது. 1982இல் அந்த உறுதிமொழி நீக்கப்பட்டது. 1988க்குப் பின் ஒப்பந்தமே இல்லை. 1993 மார்ச்சில், பத்மாவின் மீதுள்ள ஹார்டிஞ்சு ரயில் பாலத்தருகே வரத்து 10,000 கன அடிக்கும் கீழே போயிற்று.

1996இல் இரு தலைநகரங்களிலும் ஆட்சி மாறியது. தேவ கவுடா பிரதமர், குஜ்ரால் வெளியுறவு அமைச்சர்; டாக்காவில் ஷேக் ஹசீனா. இவர்களைவிட நான் பெரிதாக மதிப்பது மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவின் பங்கை. நீரை விட்டுக்கொடுக்க வேண்டியது அவருடைய மாநிலம். அவரே டாக்காவுக்குச் சென்று பேசி வந்தார். அவருடைய பூர்வீக ஊர் டாக்காவுக்கு அருகில் என்பதும் ஒன்று. டிசம்பர் 12இல் புதுடில்லியில் முப்பதாண்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

ஃபராக்காவுக்கு வரும் நீர் 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாயின் ஆளுக்குப் பாதி. 75,000 வரையெனில் பங்களாதேஷுக்கு 35,000, எஞ்சியது இந்தியாவுக்கு. அதற்கு மேலாயின் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியது பங்களாதேஷுக்கு. கடும் வறட்சியான மார்ச் 11 முதல் மே 10 வரை ஒரு முறைவைப்பு உண்டு: பத்து நாள் ஒருவருக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் மற்றவருக்கு. ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சும் நம் விவசாயிக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வரத்து 50,000க்குக் கீழ் போனால் உடனே கூடிப் பேச வேண்டும்.

இவ்வளவும் தாளில் எழுதியவை. தாளுக்கு உயிர் கொடுப்பது அளவுகோல். ஆண்டுதோறும் ஜனவரி முதல் மே வரை பங்களாதேஷின் பொறியாளர்கள் ஃபராக்காவிலும், இந்தியப் பொறியாளர்கள் ஹார்டிஞ்சு பாலத்திலும் இருந்து, அந்நாட்டாருடன் சேர்ந்தே நீரை அளக்கிறார்கள். முதற்பருவமே சோதனையாய் வாய்த்தது. 1997 மார்ச் 27இல், அது இந்தியாவின் முறை நாட்களே எனினும், ஹார்டிஞ்சு பாலத்தில் சுமார் 6,500 கன அடிதான் ஓடியது. முன்பாயின் ஒருவர் கணக்கை மற்றவர் பொய்யென்று கூறி வழக்கு முற்றியிருக்கும். இப்போது இருவர் கையிலும் ஒரே கணக்கு இருந்தது, கூடிப் பேசினார்கள், உடன்படிக்கை முறியவில்லை.

குறைகள் இல்லையென்று நான் கூறவில்லை. உடன்படிக்கை பிரிப்பது ஃபராக்காவை அடையும் நீரை மட்டுமே. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வழியிலேயே இறைக்கப்படும் நீருக்கு வரத்தைக் காக்க முயல்வோம் என்னும் சொல்லளவே காவல். கங்கைக்குப் பெருமளவு நீர் தரும் நேபாளம் கையெழுத்திட்ட நாடன்று. நேபாள மலைகளில் நீரைத் தேக்கலாம் என்று டாக்காவும், பிரம்மபுத்திராவிலிருந்து கால்வாய் வெட்டலாம் என்று டில்லியும் முன்மொழிந்தன. ஒன்றை மற்றொன்று ஏற்கவேயில்லை. 1977ஆம் ஆண்டின் 80 விழுக்காடு உறுதிமொழியும் திரும்பி வரவில்லை. இதுவே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

2024 ஜூனில் புதுப்பிப்புக்கான தொழில்நுட்பப் பேச்சைத் தொடங்க இரு பிரதமர்களும் இசைந்தபோது, தம்மைக் கலக்கவில்லையென்று மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி கடிதம் எழுதினார். ஆகஸ்டில் ஹசீனாவின் ஆட்சி வீழ்ந்து இரு நாட்டு உறவும் கசந்தது. அக்கசப்பின் நடுவிலும் 2025 மார்ச்சில் பங்களாதேஷின் பொறியாளர் குழு ஃபராக்காவுக்கு வந்து நீரளவைப் பார்வையிட்டு, கல்கத்தாவில் இந்தியத் தரப்பினருடன் அமர்ந்து கணக்குப் பார்த்துச் சென்றது. உடன்படிக்கையில் எழுதப்பட்ட முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரில் நிறைவுறுவது.

கொத்தனாரின் வழக்கைப் பற்றியும் தேடினேன். கதவணைக்கு மேலே வண்டல் படிந்து, கங்கை மால்டாவின் பக்கம் சாய்ந்து கரையை அறுக்கிறது. கரைந்த நிலம் எதிர்ப்புறம், ஜார்க்கண்டை ஒட்டி, மணல் திட்டாய் எழுகிறது. அதில் குடியேறியவர்கள் எந்த மாநிலத்தவர் என்பதிலும் சிக்கல் உண்டு. 1996 உடன்படிக்கையில் கன அடி உண்டு, தேதி உண்டு, முறைவைப்பு உண்டு. கரையரிப்பைப் பற்றி ஒரு விதியும் இல்லை. இதனை அவரிடம் கூறலாமென்று மறுநாள் மாடிக்குச் சென்றேன். தளம் போட்டு முடிந்து, அவர்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.