பழைய இரும்பு எங்கே போகிறது?

"பழைய இரும்பு... ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

குழந்தைகளே, இந்தக் குரலைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது, தெருவில் இது கேட்டதும் ஓட்டை வாளியையும் நெளிந்த தட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பார்கள். தள்ளுவண்டிக்காரர் அவற்றை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் தருவார். இப்போது பழத்துக்குப் பதிலாகப் பணம் தருகிறார்கள். சிலர் வண்டியில் ஒலிபெருக்கியும் கட்டியிருக்கிறார்கள்.

சரி, வண்டியில் ஏறிய அந்த ஓட்டை வாளி பிறகு எங்கே போகிறது? வாருங்கள், அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

காந்தம் சொல்லும் பாடம்

முதலில் அது போய்ச் சேரும் இடம் காயலான் கடை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குவியல்தான். உள்ளே நடக்கும் முக்கியமான வேலை ஒன்று உண்டு. அதுதான் பிரிப்பது!

நான் ஆறாம் வகுப்பு எடுத்தபோது ஒரு மாணவன் இருந்தான். அவன் அப்பா காயலான் கடை வைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "டேய், காயலான் கடை!" என்றே கேலி செய்வார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் காந்தம் பற்றிய பாடம். "எவர்சில்வர் டம்ளர் காந்தத்தில் ஒட்டுமா?" என்று கேட்டேன். "ஒட்டும் டீச்சர்" என்று வகுப்பே சொன்னது. எவர்சில்வரில் இரும்புதானே அதிகம்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவன் மட்டும் மெதுவாக எழுந்து, "நல்ல எவர்சில்வர் ஒட்டாது டீச்சர். எங்க கடையில காந்தத்தை வெச்சுத்தான் அதைத் தனியாப் பிரிப்போம்" என்றான்.

சோதித்துப் பார்த்தோம். ஒட்டவில்லை! நிக்கல் போன்ற உலோகங்கள் சேர்ந்திருப்பதால் பெரும்பாலான எவர்சில்வர் பாத்திரங்களைக் காந்தம் இழுப்பதில்லை.

மறுநாள் அவனையே பாடம் நடத்தச் சொன்னேன். சிவப்பாக இருந்தால் தாமிரம், மஞ்சளாக இருந்தால் பித்தளை, கையில் எடுத்தால் லேசாக இருப்பது அலுமினியம், சின்னத் துண்டே கனத்தால் ஈயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நானும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அதன் பிறகு யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

உலைக்குள்ளே மறுபிறவி

ஏன் இவ்வளவு கவனமாகப் பிரிக்க வேண்டும்? இரும்போடு தாமிரம் அதிகம் கலந்து உருகிவிட்டால், அதைத் தகடாக நீட்டும்போது விரிசல் விடும். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. கலந்துவிட்டால் மதிப்பு போய்விடும்.

பிரித்த இரும்பு பெரிய வியாபாரிகளின் கைமாறி உருக்காலைக்குப் போகிறது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால், 1.1 டன் இரும்புத் தாதுவும் 630 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்று இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட பழைய இரும்பு மறுசுழற்சிக் கொள்கை சொல்கிறது. நம் நாட்டில் கிடைப்பது போதாமல் வெளிநாடுகளிலிருந்தும் பழைய இரும்பு கப்பலில் வந்து இறங்குகிறது.

அலுமினியத்தின் கதை இன்னும் ஆச்சரியம்! தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, பழையதை உருக்கினால் 95 சதவீதம் ஆற்றல் மிச்சமாகும். அதாவது, ஒரு தட்டைப் புதிதாகச் செய்ய ஆகும் ஆற்றலில் பழைய அலுமினியத்தைக் கொண்டு 20 தட்டுகள் செய்துவிடலாம்.

கப்பலே பழைய இரும்பு!

குஜராத்தில் ஆலங் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. வயதான கப்பல்கள் கடைசியாக வந்து சேரும் இடம் அது. அங்கே கடல் நீர் மிக உயரமாக ஏறி, வெகுதூரம் உள்வாங்கும். நீர் ஏறும்போது கப்பலைக் கரையை நோக்கி ஓட்டி வந்து மணலில் ஏற்றிவிடுவார்கள். நீர் இறங்கியதும் கப்பல் தரையில் நிற்கும். தொழிலாளர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள். 1983-இல் இந்த வேலை அங்கே தொடங்கியது.

இது மிகவும் ஆபத்தான வேலை. தீ விபத்து, மேலிருந்து விழும் இரும்புத் தகடு, விஷ வாயு ஆகியவற்றால் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

தெரியாமல் தொட்டால் ஆபத்து

2010-ஆம் ஆண்டு தில்லியில் ஒரு துயரம் நடந்தது. பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த ஆய்வுக்கூடக் கருவி ஒன்று பழைய இரும்பாக ஏலம் போனது. அது மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தைக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்துபோனார். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். என்ன பொருள் என்று சொல்லாமல் தூக்கிப் போட்டதற்கு, பிரித்தவர்கள் உயிரைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டிலும் இப்படிப்பட்ட பொருள்கள் உண்டு. கார், இன்வெர்ட்டர் பேட்டரிகளில் ஈயம் இருக்கிறது. அதைத் திறந்தவெளியில் உருக்கினால் வரும் புகையும் தூசியும் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய செல்போன், கணினி போன்ற மின்னணுக் குப்பையில் நம் நாடு சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து 3-ஆம் இடத்தில் இருக்கிறது. 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 41 லட்சம் டன் சேர்ந்தது. இதில் பெரும்பகுதியைச் சிறிய கடைகளில்தான் வெறும் கையால் உடைக்கிறார்கள்.

பிரிக்கும் கைகள்

நம் நாட்டின் மறுசுழற்சித் தொழில் பெரிய ஆலைகளால் மட்டும் நடக்கவில்லை. தெருத்தெருவாகக் குப்பை பொறுக்கும் ஏழைகள்தான் அதன் முதல் படி. உடைந்த கண்ணாடியும் பிளேடும் அவர்கள் விரலைத்தான் கிழிக்கின்றன.

மகாராஷ்டிரத்தில் புனே நகரில் இவர்கள் 1993-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பின்பு 'ஸ்வச்' என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார்கள். இப்போது அடையாள அட்டையோடு வீடு வீடாகப் போய், மக்கள் பிரித்துத் தரும் குப்பையை வாங்குகிறார்கள். குப்பைத் தொட்டியில் கைவிட்டுத் தேடியவர்கள், வாசலில் நின்று மரியாதையோடு கேட்டு வாங்குகிறார்கள்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* காய்கறித் தோல், மீந்த சோறு ஒரு கூடையில். காகிதம், தகரம், பிளாஸ்டிக் வேறு கூடையில் போடுங்கள். சாம்பார் பட்ட காகிதத்தை யாரும் வாங்கமாட்டார்கள்.

* உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசியைப் பெரியவர்களிடம் சொல்லிக் கெட்டியான தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி', 'பிளேடு' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

* பேட்டரி, பல்பு, செல்போனைக் குப்பையில் போடாதீர்கள். உடைத்தும் பார்க்காதீர்கள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

* பழைய பொருள் வாங்க வருபவரை "அண்ணா", "ஐயா" என்று கூப்பிட்டுப் பேசுங்கள்.

இன்று மாலையே வீட்டில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எந்தப் பாத்திரம் ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் தெருக் காயலான் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லித் தருவார். எனக்கே சொல்லித் தந்தவன் அவர் வீட்டுப் பிள்ளைதானே!