பல பருவத்துக் கோழிகளுக்கு ஏற்ற தீனி

விருத்தாசலம் வட்டாரத்துக் குடியானவர் வீடுகளில் கோழிகளைப் பருவம் பிரித்து வளர்ப்பது அரிது. முட்டையிடும் பெட்டைகளும், சேவலும், விடைக்கோழிகளும், தாயுடன் திரியும் குஞ்சுகளும் ஒரே முற்றத்தில் ஒரே தீனியைத் தின்கின்றன. அத்தீனி எதுவாயிருக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் மணிமுத்தாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு குடியானவர், முட்டைக்கோழித் தீனி மூட்டை ஒன்றை வாங்கி எல்லாவற்றிற்கும் இட்டுவந்தார். அவ்வாறு செய்யலாமென உரைத்தவன் நானே. பெட்டைகள் நன்றாயிருந்தன, ஆனால் குஞ்சுகள் மெலிந்து, வெண்ணிறமாய்க் கழிந்து, ஒவ்வொன்றாய் மாண்டன. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் வீங்கி, வெண்மையான படிவு நிறைந்திருந்தது. அன்று நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

முட்டையொன்றின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆதலின் முட்டைக்கோழித் தீனியில் அச்சத்து நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை சேர்க்கப்படுகிறது. வளரும் பறவைக்கோ சுமார் ஒரு பங்கே போதும். மிகுதியை வெளியேற்ற முயன்று அதன் சிறுநீரகம் கெடுகிறது. சேவலுக்கும் அம்மிகுதி வேண்டுவதில்லை.

எனவே கலப்பு மந்தைக்கு உகந்த முறை இதுவாகும். நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதமுள்ள வளர்கோழித் தீனியை எல்லாவற்றிற்கும் பொதுவாக இடுக. இடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்திடுக. முட்டையிடும் பெட்டை தன் தேவையறிந்து அதனைக் கொத்தும். மற்றவை பெரும்பாலும் விலகிப் போகும். கனமான பீங்கான் கிண்ணமாயின் கோழிகள் கவிழ்க்கமாட்டா. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் ஊரில் அது அருமையன்று. கிளிஞ்சலுக்குப் பதிலாக நீற்றிய சுண்ணாம்பை வைத்தல் கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

எட்டு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளுக்கு 20 பங்கு புரதம் வேண்டும். குஞ்சு மட்டும் நுழையத்தக்க இடைவெளிவிட்டு மூங்கிற்பட்டையால் ஒரு சிறு கூண்டு முடைந்து, அதனுள் குஞ்சுத்தீனியை வைத்தால் பெரிய கோழிகள் அதைத் தொடா. மருந்து கலந்த குஞ்சுத்தீனியை முட்டையிடும் கோழி தின்ன விடலாகாது. மருந்தின் மிச்சம் முட்டையில் சேரக்கூடும்.

நிலக்கடலை விளையும் நமது பகுதியில் கடலைப் பிண்ணாக்கைத் தீனியில் கலப்போர் பலர். அது புரதம் மிக்கதே. ஆயினும் பூசணம் பிடித்ததைக் கண்டிப்பாய் விலக்குக. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூசணம் படிந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே அதற்குக் காரணமென்று பின்னர் கண்டறியப்பட்டது. வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. இளம் பறவைகளே அதற்கு முதலில் இரையாகும். மழைக்காலத்தில் பிண்ணாக்கைச் சிறிது சிறிதாக வாங்கி, தரையில் படாதவாறு பலகைமேல் அடுக்கி வைத்தல் நலம்.

மூட்டையை அவிழ்க்குமுன் அதன் சீட்டைப் படித்து, எப்பருவத்துக்கு உரியதென்று அறிந்துகொள்ளல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தைத் தம் ஊராருக்கு, முக்கியமாகக் கோழிகளைப் பேணும் பெண்மணிகளுக்கு, எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன். கிளிஞ்சலுக்கு ஒரு தனிக் கிண்ணம் வைக்கும் செலவு மிகச் சொற்பம். அதனால் பிழைக்கும் குஞ்சுகளோ அடுத்த ஆண்டின் முட்டையாகும்.