முதல் வில்லுக்கு எத்தனை பவுண்டு?

விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் மாத விடிகாலை. மரத்தில் இருபதடி உயரத்தில் கட்டிய பரணில் ஒருவர் மூன்று மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். குளிரில் விரல்கள் விறைத்துப்போயிருக்கின்றன. கீழே சருகு சரசரக்கிறது. வெண்வால் மான் ஒன்று இருபது கஜ தூரத்தில் வந்து நிற்கிறது. அவர் கையில் இருப்பது 70 பவுண்டு வில். ஆகஸ்ட் வெயிலில் வீட்டுக் கொல்லையில் நின்றபடி அலட்சியமாக இழுத்த அதே வில்தான். இப்போதோ நாண் பாதி தூரம் வந்து அடம்பிடிக்கிறது. வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, தோளை உதறி, பல்லைக் கடித்து இழுக்கிறார். அந்த அசைவு போதும். வெள்ளை வால் ஒருமுறை மின்னி மறைகிறது.

இந்தக் காட்சி அமெரிக்க வில்வேட்டைக்காரர்களுக்கு நன்கு பழகியது. மான் ஓடிவிட்டால் நட்டமில்லை. ஆனால் பாதி இழுப்பில் கை நடுங்க விட்ட அம்பு அதன் வயிற்றிலோ தொடையிலோ தைத்தால், அந்த உயிர் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். அதனால்தான் முதல் வேட்டை வில்லை வாங்குகிறவர் எடுக்கும் முடிவு அவரோடு நின்றுவிடுவதில்லை. தன் பலத்துக்கு மிஞ்சிய வில்லை வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

பவுண்டு என்று இங்கே சொல்வது வில்லின் எடையை அல்ல. நாணை முழுவதும் இழுக்கத் தேவைப்படும் விசையை. 70 பவுண்டு என்றால் ஏறக்குறைய 32 கிலோ. மானுக்கு இவ்வளவு வேண்டுமா? வேண்டியதில்லை. விஸ்கான்சின் சட்டம் மான் வேட்டைக்குக் கேட்கும் குறைந்தபட்ச விசை 30 பவுண்டுதான். அலாஸ்காவில் மான், கரிபூ போன்றவற்றுக்கு 40 பவுண்டு. குதிரையை விடப் பெரிதாக வளரும் மூஸ் மானுக்கும் பழுப்புக் கரடிக்குமே 50 பவுண்டு. அம்பு தோட்டாவைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. சவரக் கத்தி போலத் தீட்டிய வேட்டை முனை இரண்டு நுரையீரல்களையும் அறுத்துக்கொண்டு போக, இரத்த இழப்பால் விலங்கு சில விநாடிகளில் விழுகிறது. முனையின் கூர்மையும், அது போய்ச் சேரும் இடமும்தான் முக்கியம்.

இதற்கு நல்ல சாட்சி இஷி. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதரான அவர், 1911-இல் ஓரோவில் என்ற ஊரில் பசியோடு வெளிப்பட்டார். அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தையும் கற்றுக்கொண்டார். இஷியின் வில் இன்றைய கடைக்காரர் ‘ஆரம்பநிலை’ என்று ஒதுக்கிவைக்கும் விசை கொண்டதுதான். சுமார் 45 பவுண்டு. மற்றதை அவருடைய பொறுமை பார்த்துக்கொண்டது. விரல்களை உதட்டில் வைத்து, முத்தமிடுவது போன்ற ஓசை எழுப்பி, முயலைத் தன் பக்கத்துக்கே வரவழைப்பார். போப் 1923-இல் எழுதிய ‘ஹன்டிங் வித் தி போ அண்ட் ஆரோ’ என்ற நூலும், அவருடைய நண்பர் ஆர்தர் யங்கின் பயணங்களும் அமெரிக்காவில் வில்வேட்டைக்கு மறுபிறவி கொடுத்தன. 1934-இல் விஸ்கான்சின், நாட்டிலேயே முதலாவதாக வில்லுக்கென்று தனி மான் பருவத்தை அறிவித்தது.

இன்று கடைக்குள் நுழைபவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இஷியின் வில்லுக்கு உறவுக்காரர்களான நெடுவில்லும், நுனிகள் முன்புறம் வளைந்த ரிகர்வ் வில்லும். மற்றொன்று, சக்கரமும் வடமும் கொண்ட காம்பவுண்ட் வில்.

காம்பவுண்டின் பிறப்பு சுவாரசியமானது. மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன், சாதாரண வில்லின் நுனிகளை அறுத்துவிட்டுக் கப்பிகளை மாட்டிப் பார்த்தார். 1966-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1969-இல் அவருக்குக் கிடைத்தது. இதன் சூட்சுமம் சக்கரத்தின் வடிவத்தில் இருக்கிறது. அச்சு நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி இருப்பதால், இழுப்பின் நடுவில் முழுப் பாரமும் தெரிந்து, கடைசியில் சட்டென்று இலேசாகிவிடுகிறது. 80 சதவீதம் இலேசாகும் 60 பவுண்டு வில்லை முழுதாக இழுத்த பிறகு கை தாங்குவது 12 பவுண்டு மட்டுமே. மான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வர யோசிக்கும் அந்த நீண்ட அரை நிமிடத்தில் இது எவ்வளவு பெரிய வரம் என்பது வேட்டைக்காரருக்குத் தெரியும்.

ரிகர்வ் வில்லில் இந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். உச்சத்தில்தான் முழு எடையும் விரல்மேல் உட்காரும். குறிபார்க்கும் கருவியும் பெரும்பாலும் இருக்காது. அதன் அழகு வேறு. அது கேட்கும் காலமும் வேறு. ஆசைப்படுகிறவர், பிடியிலிருந்து வளையும் கைகளைக் கழற்றி மாட்டக்கூடிய வில்லாகப் பார்த்து வாங்குவது நல்லது. முதலில் 25 அல்லது 30 பவுண்டு கைகளை மாட்டிப் பழகி, உடல் திருந்திய பிறகு அதே பிடியில் 40, 45 பவுண்டு கைகளை மாட்டிக்கொள்ளலாம். முதல் வருடமே மான் அடிக்க வேண்டும் என்பவருக்கு இது ஏற்ற வழியல்ல. அவர் காம்பவுண்டை நாடுவதே அவருக்கும் மானுக்கும் நல்லது.

வில் எதுவானாலும், முதலில் அளக்க வேண்டியது வாங்குபவரின் உடம்பைத்தான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து, 2.5-ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். 70 அங்குலம் என்றால் 28. காம்பவுண்ட் வில்லில் இந்த நீளத்துக்கு மேல் நாண் வராதபடி சக்கரமே தடுத்துவிடும் என்பதால், அளவு தவறினால் சட்டை அளவு தவறியதைப் போலத்தான். ஓர் அங்குலம் கூடினாலும் முழங்கை பூட்டிக்கொள்ளும். நாண் முன்னங்கையை விளாசும். தாடையில் கை ஊன்றும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும்.

அடுத்தது கண். எழுதுவது வலக்கையாக இருந்தாலும், குறிபார்ப்பதை வழிநடத்தும் ஆளும் கண் இடதாக இருக்கலாம். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துக் கதவுப்பிடியைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடும்போது கதவுப்பிடி மறைந்தால், மூடிய கண்தான் ஆளும் கண். வில்லை அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது பின்னால் வரும் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

விளம்பரங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு வேகத்தைக் கூவி விற்கின்றன. பெட்டிமேல் அச்சிட்ட வேகம் 70 பவுண்டு விசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் எடையுள்ள இலேசான அம்பு என்ற கணக்கில் அளந்தது. சராசரி ஆளின் கையில் அந்த எண் வராது. வந்தாலும் என்ன லாபம்? முப்பது கஜம் என்பது 90 அடி. விநாடிக்கு 260 அடி போகும் அம்பு அதைக் கடக்க 0.35 விநாடி ஆகும். 280 அடி போகும் அம்புக்கு 0.32. நாண் சத்தமோ விநாடிக்குச் சுமார் 1,100 அடி வேகத்தில் 0.08 விநாடியிலேயே மானின் காதை எட்டிவிடுகிறது. ஓடுவதற்காகக் கால்களை மடக்கி மான் உடலைத் தாழ்த்த மிச்ச நேரம் தாராளம். அம்பு அதன் முதுகுக்கு மேலே பறந்துவிடும். பத்து பவுண்டு கூட்டிச் சம்பாதித்த அந்த நொடித்துளி அந்த ஓட்டப்பந்தயத்தில் எதையும் மாற்றுவதில்லை. சற்று கனமான அம்பு, சத்தம் குறைந்த வில், இருபது கஜத்துக்குள் வரும்வரை காத்திருக்கும் மனம் ஆகிய மூன்றும்தான் மாற்றுகின்றன.

புதியவர்களுக்கென்றே வரும் வில்கள் இப்போது நன்றாக இருக்கின்றன. டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ, பேர் ஆர்ச்சரியின் குரூசர் ஜி2 போன்றவற்றின் விசையை 5 பவுண்டிலிருந்து 70 வரை, ஒரு ஆலன் கீயைக் கொண்டு திருகியே மாற்றலாம். இழுப்பு நீளத்தையும் அப்படியே மாற்றலாம். 40 பவுண்டில் தொடங்கி, மாதங்கள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டால் போதும். குறிக்கருவி, அம்பறாத்தூணி எல்லாம் பூட்டிய கட்டாகவே அவை வருவதால் செலவும் அடங்கும்.

பழைய வில்லை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதை யாராவது அம்பில்லாமல் இழுத்து விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படி விட்டால், அம்பு சுமந்துபோக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி, அதன் கைகளைப் பிளந்துவிடும். சில சமயம் பிடித்திருப்பவரின் முகத்திலேயே சிதறும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சு உருண்டையை வில்லின் கைகள் மீது ஓரத்தோடு தடவினால், கீறல் உள்ள இடத்தில் நூல் சிக்கி நிற்கும். கார்பன் அம்பையும் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன் காதருகே வைத்து இலேசாக வளைத்துப் பார்ப்பார்கள். ‘கிரக்’ என்று சத்தம் கேட்டால் அந்த அம்பு குப்பைக்கு.

விலையில் ஒரு பங்கு காட்டுக்கே திரும்பிப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியைக் காட்டுயிர் மீட்புக்கு ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937-இல் வந்தது. 1972-இல் செய்த திருத்தம் வில்லையும் அதில் சேர்த்தது. வில்லுக்கு வரி 11 சதவீதம். அதே 1972-இல்தான் இந்தியா காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, வேட்டை என்ற சொல்லையே குற்றத்தின் பக்கம் கொண்டுபோனது. தமிழ்நாட்டுக் காட்டில் மான்மீது அம்பு விடுகிறவர் சிறைக்குத்தான் போவார். அமெரிக்காவில் குடியேறிய தமிழர் அங்கே வில் வாங்கினாலும், மாநிலம் கேட்கும் பயிற்சி வகுப்பும் உரிமமும் இல்லாமல் காட்டுக்குள் கால்வைக்க முடியாது.

பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது என்றால், வில்லை வசந்த காலத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. கடைக்குப் போகும்போது நவம்பரில் போடப்போகும் தடித்த ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாண் அதன் கைப்பகுதியில் உரசுகிறதா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கடையின் எய்தளத்தில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, அம்பைப் பூட்டி, எதிரே உள்ள இலக்கை நோக்கி வில்லை நீட்டி, மேலே தூக்காமல் நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். முப்பது வரை எண்ணிவிட்டு, எய்யாமல் அதே நிதானத்தோடு நாணைத் திரும்ப விட வேண்டும். தோள் நடுங்கினால் விசையை இரண்டு சுற்று குறைத்து, மறுபடியும் அதையே செய்து பார்க்கலாம். ஆலன் கீ கடைக்காரரின் சட்டைப்பையிலேயே இருக்கும்.